ஸ்பைக்ஸ் விதியும் ஓட்டக்காரர் கதியும்

பந்தய மைதானங்களில் ‘ஸ்பைக்ஸ்’ என்று வழங்கும் ஆணி பதித்த பாதரட்சையின் அடித்தட்டு, மைதானத்து ஓட்டப்பந்தயம் எதிலும் 20 மில்லிமீட்டருக்கு மேல் கனத்திருக்கலாகாது என்ற விதி 2024-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி முதல் அமுலில் இருந்து வருகிறது. அதற்கு முன் 800 மீட்டரும் அதற்கு மேற்பட்ட தூரமும் ஓடுவோர்க்கு 25 மில்லிமீட்டர் வரை இடமிருந்தது. குறைந்தது ஐந்தே மில்லிமீட்டர். ஒரு பென்ஸிலின் பருமன்கூட இல்லை. இச்சொற்ப விஷயத்துக்கு ஒரு தலையங்கமா என்று நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஆனால் விதி எவ்வளவு சிறியது என்பதன்று கேள்வி. விதியை யார் செய்கிறார்கள், அதனால் யாருக்கு லாபம், நஷ்டம் யார் தலையில் விடிகிறது என்பவையே கேள்விகள். ஜோடு செய்கிற கம்பெனிக்கும் விதி செய்கிற சங்கத்துக்கும் நடுவே நின்று, தன் காலையும் தன் பெயரையும் பணயம் வைப்பவன் ஓட்டக்காரன். அவனுடைய வழக்கை எடுத்துச் சொல்ல இம்மூவரில் இருவருக்கு அவசியமில்லை, மூன்றாமவனுக்கு அவகாசமில்லை.

முதலில், ஆணி எதற்கு என்று பார்ப்போம். பழைய நாளில் பந்தயத் தடம் என்பது கரிச்சாம்பலும் மண்ணும் கலந்து இறுக்கிய தரை. வேகமாக உந்தும் பாதம் அதில் பின்னுக்கு வழுக்கும்; வழுக்குகிற ஒவ்வோர் அங்குலமும் வீணான உழைப்பு. ஆணி தரையில் இறங்கிப் பிடித்துக்கொண்டால் காலின் பலம் முழுவதும் உடலை முன்னே தள்ளுவதற்கே செலவாகும். இங்கிலாந்தில் போல்ட்டன் நகரத்து ஜே. டபிள்யூ. பாஸ்டர் 1890-களிலேயே இத்தகைய ஜோடுகளைத் தம் கையால் செய்து விற்று வந்தார். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் நான்கு தங்கப் பதக்கம் பெற்ற அமெரிக்க நீக்ரோ இனத்து வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ், ஜெர்மனியின் டாஸ்லர் சகோதரர்கள் செய்த ஆணி ஜோடுகளை அணிந்து ஓடினார். 1954 மே 6-ந் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு மைல் தூரத்தை 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிஷத் தடையை முதன்முதல் உடைத்த ராஜர் பானிஸ்டர் அப்பொழுது ஒரு வைத்திய மாணவர். தாம் பயின்ற ஆஸ்பத்திரியிலிருந்த சாணைக்கல்லில் தம் ஜோட்டு ஆணிகளைத் தாமே தீட்டிக்கொண்டு, சாம்பல் ஒட்டாதிருக்க கிராபைட் பொடியும் தடவிக்கொண்டு அவர் ரயிலேறினார். அந்த ஜோடு ஒவ்வொன்றும் நாலரை அவுன்ஸ் எடை. 2015-ல் அவை லண்டனில் 2 லட்சத்து 66 ஆயிரத்து 500 பவுனுக்கு ஏலம் போயின. எடையைக் குறைப்பதில் அவர் காட்டிய சிரத்தை வீணன்று: ஒரு ஜோட்டில் 100 கிராம் கூடினால் ஓடுவோனுக்கு வேண்டிய பிராணவாயு சுமார் 1 சதவீதம் கூடும் என்பது பரீட்சைகளில் கண்ட உண்மை.

1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக் முதல் சாம்பல் தரை போய் ரப்பர் போன்ற செயற்கைத் தரை வந்தது. இத்தரையில் ஆணி துளைத்து இறங்க வேண்டியதில்லை. அழுத்திப் பிடித்தாலே போதும். அதனால் ஆணி குட்டையாயிற்று. இன்றைய விதிப்படி ஒரு ஜோட்டில் 11 ஆணிகளுக்கு மேல் கூடாது. நீளம் 9 மில்லிமீட்டர். உயரம் தாண்டுவோர்க்கும் ஈட்டி எறிவோர்க்கும் மட்டும் 12 மில்லிமீட்டர்.

இந்த ஜோடு வேகத்தைத் தருவதோடு நிற்பதில்லை. காலிடமிருந்து ஒரு கூலியையும் வசூலிக்கிறது. சாதாரண ஓட்டச் ஜோட்டில் குதிகாலுக்குக் கீழே தடித்த மெத்தை உண்டு. ஸ்பைக்ஸில், முக்கியமாகக் குறுந்தூரப் பந்தயத்துக்கானவற்றில், குதிகாலுக்கு அடியில் ஏதும் இல்லை என்றே சொல்லலாம். ஆணிகள் யாவும் முன்பாதத்தில் இருப்பதால் ஓடுவோன் முன்பாதத்திலேயே இறங்கி முன்பாதத்திலேயே எழ வேண்டும். பாரம் கெண்டைக்கால் சதைக்கும், குதிகாலின் பின்னே கயிறு போல் ஓடும் நாணுக்கும், உள்ளங்கால் தசைக்கும் போகிறது. அடித்தட்டு விறைப்பாக இருப்பதால் கால்விரல்கள் இஷ்டம் போல் மடங்க முடிவதில்லை. தரையை ஆணி கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால், வளைவில் திரும்பும்போது பாதம் சற்றும் நழுவாமல் கணுக்காலும் முழங்காலும் அந்தத் திருகலைத் தாங்க நேரிடுகிறது. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு புது ஸ்பைக்ஸ் வாங்கி மாட்டிக்கொள்ளும் பையன் மறுநாள் காலை மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பதன் காரணம் இதுவே. விஷயம் தெரிந்த பயிற்சியாளர் வாரத்தில் ஓரிரு நாள், சில நூறு மீட்டர் என்று தொடங்கித்தான் மாணவன் காலை இதற்குப் பழக்குவார்.

ஆணி அணிந்தவனை மட்டும் பாதிப்பதன்று, அடுத்தவனையும் பாதிக்கும். 1956-ல் மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலிய மைல் பந்தயத்தில் இளைஞர் ரான் கிளார்க் இடறி விழ, பின்னே வந்த ஜான் லாண்டி அவரைத் தாண்டிக் குதித்தார். குதித்தும் ஆணி கிளார்க்கின் கையைக் கீறிவிட்டது. லாண்டி நின்றார், திரும்பிப் போய் அவரைப் பார்த்து வருந்தினார், பிறகு ஓடி அப்பந்தயத்தை வென்றார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடிய ஜோலா பட் என்ற இளம்பெண்ணின் காலில், பின்னே வந்த மேரி டெக்கரின் ஆணி பட்டு இரத்தம் கசிந்தது. விழுந்தவர் டெக்கர்; உலகத்தின் வசையைச் சுமந்தவர் பட். இவ்விபத்துக்கள் நெருக்கமாக ஓடுகிற பந்தயத்தில் நேர்பவை. இவற்றுக்கு எச்சங்கத்தையும் நாம் குறை கூறப் போவதில்லை. நம் வழக்கு வேறு.

1968-ம் வருஷத்துக்குத் திரும்புவோம். அவ்வருஷம் ஜெர்மனியின் பூமா கம்பெனியார் ஒரு புது ஜோடு செய்தனர். சில பெரிய ஆணிகளுக்குப் பதிலாக 68 நுண்ணிய ஊசிகள் பிரஷ் மயிர் போல் அதன் அடியில் நின்றன. செயற்கைத் தரையை அவை ஆழத் துளைக்காமல் பற்றி, சிக்காமல் விடுவித்தன. செப்டம்பர் மாதம் கலிபோர்னியா மலைமேல் எக்கோ ஸம்மிட் என்னுமிடத்தில் நடந்த அமெரிக்கத் தேர்வுப் பந்தயத்தில், ஜான் கார்லோஸ் இதை அணிந்து 200 மீட்டர் தூரத்தை 19.92 விநாடியில் ஓடினார். லீ எவான்ஸ் 400 மீட்டரை 44.0 விநாடியில் ஓடினார். இரண்டும் உலக சாதனைகளை மிஞ்சியவை. இரண்டையும் சர்வதேசச் சங்கம் ஊர்ஜிதம் செய்ய மறுத்தது. ஆறு ஆணிகளுக்கு மேல் கூடாது என்ற விதி காட்டப்பட்டது. 400 மீட்டரில் எவான்ஸுக்குப் பின்னே 44.1 விநாடியில் வந்த லாரி ஜேம்ஸின் காலில் சாதாரண ஜோடு இருந்ததால், உலக சாதனை அவர் பெயருக்கே எழுதப்பட்டது! பந்தயத்தில் முதலாவது வந்தவரை விட்டு இரண்டாவது வந்தவருக்குச் சாதனையைப் பதிவு செய்யும் விசித்திரம் வேறெங்கே காணக் கிடைக்கும்?

பூமாவின் சொந்தக்காரர் ருடால்ப் டாஸ்லரும், போட்டிக் கம்பெனியான அடிடாஸின் சொந்தக்காரர் அடால்ப் டாஸ்லரும் உடன்பிறந்தவர்கள். யுத்தத்துக்குப் பின் பகை கொண்டு பிரிந்து, ஒரே ஊரில் இரண்டு தொழிற்சாலை நடத்தியவர்கள். ஆகையால் இத்தடைக்குப் பின்னே வியாபாரப் போட்டி இருந்தது என்று அன்றே பலர் சந்தேகித்தனர். சந்தேகம் சாட்சியமாகாது, அதை நாம் அப்படியே விட்டுவிடுகிறோம். விதியின் அட்சரம் சங்கத்தின் பக்கம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் தண்டனை யாருக்குப் போயிற்று என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஜோட்டை யோசித்தவரும் செய்தவரும் அடுத்த மாதம் வேறு ஜோடு விற்றனர். தம் வாழ்நாளின் மகத்தான ஓட்டத்தைப் புத்தகத்திலிருந்து இழந்தவர்கள் கார்லோஸும் எவான்ஸும். எவான்ஸ் மெக்ஸிகோவில் 43.86 விநாடியில் ஓடி அக்குறையைத் தீர்த்துக்கொண்டார். கார்லோஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 200 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். 19.83 விநாடியில் வென்ற டாமி ஸ்மித்தும் அவரும் பரிசு மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து கையுயர்த்தி நின்ற காட்சியை உலகம் மறக்கவில்லை. ஜோடுகளைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் காலுறையோடு, தம் இனத்தாரின் வறுமைக்கு அடையாளமாக, அவர்கள் அம்மேடை ஏறினார்கள் என்பதை மட்டும் பலர் மறந்துவிட்டனர்.

ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து என்ன நேர்ந்தது? இப்பொழுது ஆணியன்று, ஆணிக்கும் பாதத்துக்கும் நடுவே உள்ள பொருளே பிரதானமாயிற்று. இலேசான, மிதித்தால் அமுங்கி உடனே எழும்புகிற புதுவகை நுரைப் பொருளும், அதனோடு விறைப்பான தகடும் சேர்த்து நைக்கி கம்பெனியார் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஸ்பைக்ஸ் செய்தனர். மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. உலகத் தடகளச் சங்கம் 2020 ஜூலை 28-ந் தேதி, 800 மீட்டர் முதல் 25 மில்லிமீட்டர் கனம் வரை செல்லும் என்று விதியைத் திருத்தி வெளியிட்டது. பதினேழு நாள் கழித்து, ஆகஸ்ட் 14-ந் தேதி, அதே சங்கத்தின் தலைமைக் காரியாலயம் இருக்கும் மொனாக்கோவில், உகாண்டா தேசத்து ஜோஷுவா செப்டேகி புதுவகை ஸ்பைக்ஸ் அணிந்து 5,000 மீட்டரை 12 நிமிஷம் 35.36 விநாடியில் ஓடினார். எத்தியோப்பியாவின் கெனனிஸா பெக்கெலே 2004-ல் 12 நிமிஷம் 37.35 விநாடியில் நிறுவிய சாதனை பதினாறு வருஷத்துக்குப் பின் விழுந்தது. அக்டோபர் 7-ந் தேதி ஒரே இரவில், ஸ்பெயினின் வலென்ஸியா நகரில், செப்டேகி 10,000 மீட்டர் சாதனையையும், எத்தியோப்பியப் பெண்மணி லெட்டெஸென்பெட் கிடே பெண்களின் 5,000 மீட்டர் சாதனையையும் முறியடித்தனர்.

இவ்வீரர்களின் பெருமையில் ஒரு துளியும் குறைக்க நமக்கு எண்ணமில்லை. செப்டேகி மகா வீரர். வெறும் ஜோட்டால் ஒருவன் அந்நேரத்தில் ஓடிவிட முடியாது. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். பெக்கெலேக்கும் செப்டேகிக்கும் வித்தியாசம் 1.99 விநாடி, அதாவது சுமார் கால் சதவீதம். அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் சர்வகலாசாலையில் செய்த ஆராய்ச்சியில், புதுவகை ஸ்பைக்ஸ் ஓடுவோனின் சக்திச் செலவைப் பழைய வகையைவிடச் சுமார் 2 சதவீதம் மிச்சப்படுத்துவதாகக் கண்டனர். சக்தியில் 2 சதவீதம் மிச்சமானால் நேரத்தில் அவ்வளவும் மிச்சமாகாது. காற்றின் எதிர்ப்பு முதலியவை ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆனாலும் மிஞ்சுவது கால் சதவீதத்தைவிடக் கூடுதலே. மொனாக்கோவில் தடத்தின் ஓரம் வேகம் காட்டும் விளக்குகளும் ஓடின என்பதை நியாயத்தின் பொருட்டுச் சேர்த்துக்கொள்கிறோம். இத்தனையும் கலந்தபின், பெக்கெலே பெரியவரா, செப்டேகி பெரியவரா என்று கேட்பவனுக்கு விடை கூற எந்த நீதிபதியாலும் முடியாது. இரண்டு தலைமுறைகளை ஒரே தராசில் நிறுத்த உதவுவது சாதனைப் புத்தகம் ஒன்றுதான். அந்தத் தராசின் படிக்கல்லே மாறிவிட்டது.

விதியின் நடத்தையைச் சேர்த்துப் பார்க்கும்போது இது இன்னும் விளங்கும். 1968-ல் அனுமதியற்ற ஜோட்டில் ஓடியவர் சாதனையை இழந்தார். 2020-ல் 25 மில்லிமீட்டர் செல்லும்; 2024 முதல் செல்லாது; ஆனால் அது செல்லுபடியான காலத்தில் நிறுவிய சாதனைகள் நிலைக்கும். புது விதி பழைய செய்கையைப் பாதிக்கலாகாது என்பது சட்டத்தின் நல்ல கோட்பாடே. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. இம்மாறுதலைச் சங்கம் சில வருஷம் முன்கூட்டியே அறிவித்ததையும் ஒப்புக்கொள்கிறோம். நாம் கேட்பதெல்லாம் இதுதான்: எந்தச் சாதனை எந்தக் கன விதியின் கீழ் நிறுவப்பட்டது என்று பட்டியலில் ஒரு குறியிட என்ன தடை? முதுகில் அடிக்கும் காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்டால் குறுந்தூரச் சாதனையை ஏற்காத சங்கம், காற்றை அளக்க ஒரு கருவியும் ஓர் உத்தியோகஸ்தரும் வைத்திருக்கிறது. காற்று செய்யும் உபகாரத்தை அளந்து எழுதுகிறவர்கள், கம்பெனி செய்யும் உபகாரத்தை எழுதாமல் விடுவானேன்?

வேகமாக ஓடுகிற வீரர்களுக்குள்ளேயே இவ்விஷயத்தில் மனஸ்தாபம் உண்டு. 2021-ல் டோக்கியோவில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 45.94 விநாடியில் ஓடிய நார்வேக்காரர் கார்ஸ்டன் வார்ஹோல்ம், தமக்குப் பின்னே 46.17 விநாடியில் வந்த அமெரிக்கரின் ஜோட்டைப் பகிரங்கமாகக் கண்டித்தார். இரண்டாவது வந்தவரின் நேரமும் பந்தயத்துக்கு முன்னிருந்த உலக சாதனையை மிஞ்சியதே. ஆனால் வார்ஹோல்ம் அணிந்திருந்ததும் தாத்தா காலத்து ஜோடன்று. பந்தய மோட்டார் கட்டுகிறவர்களின் உதவியோடு செய்த கார்பன் தகட்டு ஜோடு. நுரையில்லாத தகடு நியாயம், நுரையுள்ள தகடு அநியாயம் என்ற கோட்டை அவர் தம் காலுக்கு வெளியே கிழித்தார். யாவரும் அப்படியே செய்வர். அதனால்தான் கோட்டை வீரனும் கிழிக்கலாகாது, வியாபாரியும் கிழிக்கலாகாது என்கிறோம்.

புது ஜோடு காலுக்குச் செய்வது என்ன என்பதில் இன்னும் முடிந்த தீர்ப்பு இல்லை. நுரை கெண்டைக்காலின் அலுப்பைக் குறைப்பதாகவும், அதனால் கடுமையான பயிற்சியை அடுத்தடுத்துச் செய்ய முடிவதாகவும் பல ஓட்டக்காரர் கூறுகின்றனர். இது அனுகூலம். மறுபுறம், கார்பன் தகட்டு ஜோடுகள் அணிந்து ஓடிய ஐவருக்குப் பாதத்தின் நடுவிலுள்ள படகு வடிவ எலும்பில் பளுவினால் காயம் ஏற்பட்டதை அமெரிக்க வைத்தியர்கள் 2023-ல் எழுதினார்கள். ஐவரை வைத்து ஊருக்கெல்லாம் விதி சொல்ல முடியாது. ஆனால் அந்த எலும்பு இரத்த ஓட்டம் குறைந்தது. முறிந்தால் எளிதில் கூடாதது. விறைத்த தகட்டுக்குப் பழகாத காலை ஒரே வாரத்தில் அதற்குள் நுழைக்கலாகாது என்ற அளவுக்காவது இச்செய்தி எச்சரிக்கையாகும். இவ்வெச்சரிக்கையை ஜோட்டுப் பெட்டியின் மேல் எக்கம்பெனி அச்சிடப் போகிறது?

நம் தேசத்துக்கு வருவோம். 2018-ல் ஜகார்த்தா ஆசியப் பந்தயத்தில் ஏழு அங்கங்கள் கொண்ட ஹெப்டாத்லானில் 6,026 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஸ்வப்னா பர்மன். வங்காளத்து ஜல்பைகுரியில் ரிக்ஷா இழுத்தவரின் மகள். அவருக்கு ஒவ்வொரு பாதத்திலும் ஆறு விரல்கள். ஐந்து விரல் பாதத்துக்கென்று இறுக்கமாகச் செய்த ஸ்பைக்ஸில் அந்தக் கால்களைத் திணித்துக்கொண்டே அவர் வருஷக்கணக்காக ஓடினார், தாண்டினார். தம் காலுக்கேற்ற ஜோடு வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்டது எப்பொழுது? ஆசியாவின் தங்கம் கழுத்தில் ஏறிய பிறகு. அதன் பின்னரே பெரிய கம்பெனி ஒன்று அவருக்கென்று அளவெடுத்தது. தங்கத்துக்கு முன்னால் அந்தப் பாதங்கள் பட்ட வேதனை எந்தச் சங்கத்தின் கணக்கிலும் இல்லை.

சாதாரணப் பிள்ளையின் நிலை இன்னும் கீழே. 2020-ல் வெளிவந்தபோது புதுவகை ஸ்பைக்ஸ் ஒரு ஜோடி அமெரிக்காவில் 150 டாலர். நம் கிராமத்துக் கூலி வீட்டில் அது ஒரு மாத அரிசியும் பருப்பும் போக மேலும் ஏதோ. மண் தரையில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளை மாவட்டப் பந்தயத்தில் ஜெயித்து, மாகாணப் பந்தயத்துக்கு நகரத்துச் செயற்கைத் தடத்துக்கு வரும்போது, சிநேகிதனிடம் இரவல் வாங்கிய, அளவு பொருந்தாத ஸ்பைக்ஸில் முதன்முதல் கால் வைக்கிறான். பக்கத்துத் தடத்தில் நிற்பவன் காலில் நுரையும் தகடும் இருக்கிறது. ஓட்டத்தின் முடிவை ஜோடு மட்டுமே நிர்ணயிக்கும் என்று நாம் சொல்லவில்லை. பலமான கால் பலவீனமான ஜோட்டை வென்ற நாட்கள் உண்டு. ஆனால் பத்து மீட்டரில் தோற்றவனுக்குச் சொல்லும் ஆறுதல், அரை மீட்டரில் தோற்றுத் தேர்வையும் உத்தியோகத்தையும் இழந்தவனுக்குப் பொருந்தாது. ஆதரவு கம்பெனி இல்லாத முன்னணி வீரர்க்கும் ஜோடு கிடைக்கச் சர்வதேசச் சங்கம் ஒரு திட்டம் வகுத்தது மெய். அந்த முன்னணிக்கு வந்து சேரும் வரை பிள்ளை எதை அணிவது?

சட்டப் புத்தகத்தில் ஒரு வாசகம் இருக்கிறது; பலர் அறியார். வீரர் வெறுங்காலோடும் ஓடலாம், ஒரு காலில் மட்டும் ஜோடு அணிந்தும் ஓடலாம் என்று உலகச் சங்கத்தின் விதியே கூறுகிறது. ஜோடில்லை என்று எந்தப் பிள்ளையையும் பந்தயத் தடத்திலிருந்து திருப்பியனுப்ப எந்த உத்தியோகஸ்தருக்கும் உரிமை இல்லை என்பதைப் பெற்றோரும் உபாத்தியாயர்களும் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்.

நம் மாகாணத் தடகளச் சங்கத்தாரும் கல்வி இலாகாவும் செய்யக்கூடியவை செலவற்றவை. 20 மில்லிமீட்டர் விதியையும் ஆணி நீளத்தையும், அங்கீகாரம் பெற்ற ஜோடுகளின் பெயர்களையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பலாம். வாங்கும் முன்பே பிள்ளை தெரிந்துகொள்வான். பந்தய தினத்தன்று அளவுகோலோடு வரும் உத்தியோகஸ்தர் முன்னே அழ வேண்டியிராது. பதினாறு வயதுக்குட்பட்டோர் பந்தயங்களில் நுரையும் தகடும் சேர்ந்த ஜோடுகளை விலக்கி, யாவரும் எளிய ஸ்பைக்ஸில் அல்லது வெறுங்காலில் ஓட வேண்டும் என்று விதி செய்யலாம். இளம் எலும்புக்கும் அது நல்லது, இளைத்த பைக்கும் நல்லது. ஒவ்வொரு மாவட்ட மைதானத்திலும் பல அளவுகளில் சில ஜோடி ஸ்பைக்ஸ் வாங்கி வைத்து, பயிற்சி நாட்களில் இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு பேரேடு போதும். அடுத்த வருஷத்துப் பள்ளிப் பந்தயங்களுக்கு அறிக்கை தயாரிக்கும் முன்பே இவ்விஷயம் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டி முன் வர வேண்டும்.